அப்டேட்ட ஓஃப் பண்ணி மிச்சம் பிடிச்சது என்ன?

"அப்டேட் எல்லாத்தையும் ஓஃப் பண்ணி வெச்சிரிக்கன் தம்பி. இனி டேட்டாவும் போகா, போனும் ஸ்லோ ஆகா."

மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் போன் கடைகளில் இந்த வசனத்தைக் கேட்காத ஆள் குறைவு. புது போன் வாங்கினாலும் சரி, உடைஞ்ச டிஸ்ப்ளே மாற்றினாலும் சரி, கவரும் டெம்பர் கிளாஸும் மாதிரி இதுவும் சேர்ந்து வருகிறது. சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். 2022க்குப் பிறகு ரீலோட் விலை எங்கே போய் நிற்கிறது என்று நம்மளவுக்கு அவருக்கும் தெரியும். வாங்குகிறவருக்கும் சந்தோசம். இந்தக் கட்டுரை அந்தச் சந்தோசத்துக்கு எதிரானது.

ஒரு டிக்டொக் வீடியோவை நாலு தரம் பார்க்கிற நாம், பிரவுசர் அப்டேட்டில்தான் சிக்கனம் பார்க்கிறோம். வீட்டில் கரண்ட் பில் கூடுது என்று ஏசியை விட்டுவிட்டு வாசல் லைட்டை மட்டும் கழற்றி வைக்கிற வேலை இது. இதை "டெக் தெரிஞ்ச பொடியன்மாரின்ட கத" என்று தள்ளிவிடுகிற ஆட்களோடுதான் எனக்குச் சண்டை. பிரவுசரை அப்டேட் பண்ணுவது போனைப் புதுசாகக் காட்டுகிற வேலை இல்லை. இணையத்தில் யாருடைய வார்த்தையை நம்பலாம், யாருடையதை நம்பக்கூடாது என்ற செய்தி உங்கட போனுக்கு வந்து சேர்கிற வழி அது. அந்த வழியை மூடிவிட்டு, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரியுது, பயமில்லை என்று இருக்க ஏலாது.

முதலில் அந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கட்டாரிலோ சவூதியிலோ ஆள் இருந்த வீடுகளுக்கு இதை விளக்குவது லேசு. வட்ஸ்அப் இல்லாத காலத்தில் ஊருக்குப் போகிற ஆளின் கையில்தான் கடிதமும் காசும் கொடுத்து விடுவார்கள். கடித உறையை ஒட்டாமல் கொடுத்தால் கொண்டு போகிறவர் வாசிக்கலாம். அவர் கொழும்பில் தங்குகிற இடத்தில் இன்னொருவர் வாசிக்கலாம். வாசிப்பதோடு நிற்காமல், "பத்தாயிரம் அனுப்பியிருக்கிறேன்" என்ற இடத்தை "எட்டாயிரம்" என்று மாற்றியும் எழுதலாம். கடைசியில் வாசலில் நின்று வாங்குகிற ஆள் உண்மையில் உம்மாதானா, பக்கத்து வீட்டாரா என்பது கொண்டு வந்தவருக்குத் தெரியாமலும் போகலாம்.

எச்டிடிபி என்று தொடங்குகிற முகவரி அந்த ஒட்டாத கடிதம். நீங்கள் நிரப்புகிற படிவம் ஜூஸ் கடை வைஃபை, நெட்வேர்க் கம்பனி, கடலுக்கடியில் கிடக்கிற கேபிள், இடையில் உள்ள எத்தனையோ கணினிகள் என்று கை மாறி மாறிப் போகிறது. வழியில் உள்ள எவரும் வாசிக்கலாம், மாற்றலாம். கடைசியில் ஒரு எஸ் சேர்ந்து எச்டிடிபிஎஸ் ஆனால் மூன்று விசயம் நடக்கிறது. இடையில் உள்ளவருக்கு வாசிக்க ஏலாது. மாற்றினால் பிரவுசருக்குத் தெரிந்துவிடும். மறுபக்கம் இருப்பது நீங்கள் தேடிப்போன அதே தளம்தான் என்று ஒரு சாட்சி சொல்லப்படும். (எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அப்போதும் பெரும்பாலும் வெளியே தெரியும். அங்கே என்ன வாசித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பதுதான் மறையும்.)

"எனக்கிட்ட மறைக்க ஒண்டுமில்ல" என்று சொல்கிறவர்கள் அந்த மூன்றில் முதலாவதை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அதுவும் உண்மை இல்லை. புலமைப்பரிசில் படிவத்தில் தங்கச்சியின் போட்டோவும் அடையாள அட்டை இலக்கமும் போகிறது, வாப்பாவின் சம்பளமும் போகிறது. அது கிடக்கட்டும். இரண்டாவதைப் பாருங்கள். நம்மட ஊர்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மருத்துவ உதவி வேண்டுகோள் சுற்றும். சிறுநீரக மாற்று, ஒரு குழந்தையின் இருதய ஒபரேசன். கீழே வங்கிக் கணக்கு இலக்கம். அந்தப் பக்கம் எச்டிடிபியில் இருந்தால், நீங்கள் பார்க்கிற கணக்கு இலக்கம்தான் போட்டவர் போட்ட இலக்கம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு ரவுட்டரைக் கையில் வைத்திருக்கிறவன் வழியில் நாலு இலக்கத்தை மாற்றிவிடலாம். அனுப்பிய சதக்கா எங்கே போனது என்று உங்களுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. மறைக்க ஒன்றுமே இல்லாத ஆளுக்கும் இது நடக்கும்.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2015இல் பெங்களூரில் தேஜேஷ் என்ற மென்பொருள்காரர், ஏர்டெல் 3ஜி வழியாகத் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது, தான் எழுதாத ஒரு கோடிங் துண்டு பக்கத்துக்குள் செருகப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வெளியில் போட்டதற்கு அவருக்குக் கிடைத்தது, அந்தக் கோடிங்கைச் செய்த இஸ்ரேலியக் கம்பனியின் வழக்கறிஞர் கடிதம். அது பயனர்களின் டேட்டா பாவனையை அறிவதற்கான ஒரு பரீட்சார்த்தம் என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. சரி, விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் ஒரு கம்பனிக்கு நல்ல நோக்கத்தோடு செருக முடிந்த இடத்தில் கெட்ட நோக்கத்தோடும் செருகலாம் அல்லவா? துனீசியாவில் அதுதான் நடந்தது. 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும், பென் அலிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்த நாட்களில், அந்த நாட்டில் இருந்து பேஸ்புக் லொகின் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு வழியிலேயே ஒரு கோடிங் சேர்த்து அனுப்பப்பட்டது. அடிக்கிற பாஸ்வேர்ட் அப்படியே களவு போனது. லொகின் பக்கம் அப்போது எச்டிடிபியில் இருந்ததுதான் காரணம். துனீசியப் பயனர்களை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றித்தான் பேஸ்புக் அதை நிறுத்தியது.

இனி மூன்றாவது விசயத்துக்கு, சாட்சிக்கு வருவோம். போன் கடைக்காரரோடு உள்ள என்னுடைய சண்டை இங்கேதான்.

ஒரு தளம் "நான்தான் இன்ன வங்கி" என்று சொன்னால் பிரவுசர் அதை அப்படியே நம்புவதில்லை. சாட்சி கேட்கிறது. சான்றிதழ் கொடுக்கிற நிறுவனங்கள் உலகத்தில் பல இருக்கின்றன. அவற்றில் யார் யாருடைய சாட்சியை ஏற்கலாம் என்ற பட்டியல் உங்கட பிரவுசருக்குள்ளேயோ, போனின் உள்ளேயோ இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் "ஓம், இது அந்த வங்கிதான்" என்று சொன்னால் பூட்டு விழுகிறது. அப்படியென்றால் கேள்வி இதுதான்: அந்தச் சாட்சிக்காரர் பொய்ச்சாட்சி சொன்னால்?

சொல்லியிருக்கிறார்கள். 2011இல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஹெக்கர்கள் நுழைந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று கூகுளின் பெயரில், ஜூலை 10 திகதியில். அதை வைத்து ஈரானில் ஏறத்தாழ 3 இலட்சம் பேரின் ஜிமெயில் இணைப்புகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர்களின் திரையில் பூட்டு இருந்தது, முகவரி சரியாக இருந்தது, எஸ் இருந்தது. எல்லாம் சரி. சாட்சி மட்டும் பொய்.

அது எப்படி வெளியில் வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓகஸ்ட் 28 அன்று ஈரானில் ஒரு பயனர், ஜிமெயிலைத் திறக்கும்போது குரோம் எச்சரிக்கை காட்டுது என்று கூகுளின் உதவிப் பக்கத்தில் எழுதினார். கூகுளின் தளங்களுக்கு எந்தச் சாட்சிகள் மட்டும் செல்லும் என்பதைச் சரிபார்க்கிற ஒரு சோதனையை அந்த வருடம்தான் குரோமில் சேர்த்திருந்தார்கள். அவரிடம் இருந்தது புதுக் குரோம். பழைய பிரவுசர் வைத்திருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சில நாட்களுக்குள் குரோம், பயர்பொக்ஸ், மைக்ரோசொப்ட் எல்லாம் டிஜிநோட்டாரைப் பட்டியலில் இருந்து வெட்டின. செப்டெம்பரில் அந்தக் கம்பனி வங்குரோத்து ஆனது. ஆனால் அந்த வெட்டு உங்கட கணினிக்கு எப்படி வந்தது? அப்டேட்டாக. அப்டேட்டை ஓஃப் பண்ணி வைத்தவரின் பிரவுசரில் டிஜிநோட்டார் இன்னமும் நல்ல மனிதர்தான்.

ஈரான் தூரம் என்றால் பக்கத்துக்கு வருவோம். 2014 ஜூலையில், இந்திய அரசாங்கத்தின் தேசியத் தகவலியல் மையம் கொடுத்ததாகச் சில சான்றிதழ்கள் கூகுளின் கண்ணில் பட்டன. கூகுளின் பெயரிலும் யாஹூவின் பெயரிலும், அவர்களுக்குத் தெரியாமலே. சான்றிதழ் கொடுக்கும் முறைக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. விண்டோஸின் பட்டியலில் அந்தச் சாட்சி இருந்தபடியால் விண்டோஸில் குரோம் பாவித்தவர்களுக்கு ஆபத்து இருந்தது. பயர்பொக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் இந்தச் சாட்சி இல்லை, தப்பியது. அந்தச் சான்றிதழ்களை நிறுத்தியதும், பிறகு அந்த அமைப்பின் சாட்சி குறிப்பிட்ட இந்திய முகவரிகளுக்கு மட்டும்தான் செல்லும் என்று மட்டுப்படுத்தியதும் பிரவுசர் வழியாகத்தான்.

கஸக்ஸ்தானில் ஒளிவு மறைவே இல்லை. 2019 ஜூலையில் அரசாங்கத்தின் சான்றிதழை ஒவ்வொருவரும் தங்கள் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நெட்வேர்க் கம்பனிகள் எஸ்எம்எஸ் அனுப்பின. ஏற்றினால் அரசாங்கமே எல்லாத் தளத்துக்கும் சாட்சி சொல்லலாம், நடுவில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஓகஸ்ட் 21 அன்று குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி மூன்றும் அந்தச் சான்றிதழை ஏற்கமாட்டோம் என்று தடுத்தன.

இந்த மூன்று கதையிலும் மக்களைக் காப்பாற்ற வந்தது ஒரு அப்டேட். அதைத்தான் நாம் டேட்டா மிச்சம் என்று கதவுக்கு வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூட்டைப் பார்த்து ஏமாறுகிற இன்னொரு கூட்டத்தை நானே உருவாக்கியதாகிவிடும். பூட்டு என்பது வழி மூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். வழியின் முடிவில் நிற்கிறவன் நல்லவன் என்பதற்கு அல்ல. தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு தொகை செலுத்துங்கள்" என்று வருகிற எஸ்எம்எஸ்ஸின் லிங்க்கை அழுத்தினால், அந்தக் களவுத் தளத்திலும் பூட்டு இருக்கும். கள்ளனும் சான்றிதழ் எடுக்கலாம், இலவசம்தானே. பூட்டுப் படத்தைச் சனங்கள் "நம்பிக்கையான தளம்" என்று பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் 2023 செப்டெம்பரில் வந்த குரோம் 117இல் கூகுள் அந்தப் படத்தையே தூக்கிவிட்டது. ஆக பூட்டு போதாது. ஆனால் பூட்டே இல்லாத இடத்தில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தும் பிரயோசனம் இல்லை.

இனி நம்மட மண்ணுக்கு வருவோம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரைக் கதையோடு தொடங்கியது, மார்ச் முதல் வாரத்தில் திகனவில் தீயாகி நின்றது. (கடையில் கண்டெடுத்தது வெறும் மாக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வு சொன்னது. எரிந்தவற்றுக்கு அது பிந்திய செய்தி.) மார்ச் 7 அன்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராமை முடக்கியது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு மறுபடியும். மே மாதத்தில் வடமேற்கில் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டபோது இன்னொரு தடவை. 2022 ஏப்ரல் 3இல் சில மணித்தியாலங்கள். ஒவ்வொரு தடவையும் நாம் செய்தது ஒன்றே: யாரோ அனுப்பிய பெயர் தெரியாத இலவச விபிஎன். கொழும்பில் படிக்கிற மகன், கட்டாரில் இருக்கிற மாப்பிள்ளை, யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாத இரவுகளில் வேறு என்ன செய்வது? அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் விபிஎன் என்றால் என்ன? உங்கட போக்குவரத்து முழுவதையும் இன்னொரு ஆளின் வீட்டு வழியாகத் திருப்பி விடுவது. நெட்வேர்க் கம்பனி பார்க்கக்கூடியதை இப்போது அந்த ஆள் பார்க்கலாம். 2016இல் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து அண்ட்ரொய்ட் விபிஎன் செயலிகள் 283ஐப் பரிசோதித்தார்கள். அதில் 18 வீதமானவை எந்த மறைகுறியாக்கமும் செய்யவில்லை. 38 வீதத்தில் தீங்கு மென்பொருளின் அடையாளம் இருந்தது. 4 செயலிகள் போனின் சாட்சிப் பட்டியலுக்குள் தங்கள் சொந்தச் சாட்சியையே நுழைத்திருந்தன. அந்த இரவுகளில் நீங்கள் இறக்கியது அதில் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஆளின் வீட்டு வழியாகப் போனபோது உங்கட செய்தியையும் வங்கி விபரத்தையும் மூடி வைத்தது தளத்தின் எச்டிடிபிஎஸ்ஸும், பொய்ச்சாட்சியை மறுக்கத் தெரிந்த ஒரு பிரவுசரும்தான். இந்த நாட்டில் அப்படி ஒரு இரவு இனி வராது என்று யாராவது எழுதித் தரட்டும், நானும் அப்டேட்டை ஓஃப் பண்ணுகிறேன்.

சாட்சிப் பட்டியல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பிரவுசரின் உள்ளேயே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. 2023 செப்டெம்பரில் வெப்பி என்ற பட வகையைத் திறக்கிற கோடிங்கில் ஒரு ஓட்டை வெளியில் வந்தது. அதற்கென்று செய்த ஒரு படம் ஏறினாலே போதும், ஹெக்கருக்குக் கதவு திறக்கும். அதை யாரோ ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தார்கள் என்று கூகுளே ஒப்புக்கொண்டது. குரோமும் பயர்பொக்ஸும் உடனே அப்டேட் விட்டன. லிங்க்கைத் தட்டாதே, தெரியாத ஃபைலைத் திறக்காதே என்று எத்தனை அறிவுரை சொன்னாலும் இதற்கு வேலை செய்யாது. படம் பார்க்காமல் யார் இணையம் பாவிக்கிறார்?

"காசு இல்ல, பிறகு பாப்பம்" என்ற பதிலுக்கு இந்த நாடு ஒரு பெரிய உதாரணம் வைத்திருக்கிறது. பிரவுசர் கதை அல்ல, ஆனால் அதே புத்தி. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் லங்கா அரச கிளவுட்டில் இருந்தன. அதை நடத்தியது ஐசிடிஏ. அதில் ஓடிய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச், 2013 பதிப்பு. 2023 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளையே நிறுத்திவிட்டது. 2021இல் இருந்தே புதுப் பதிப்புக்கு மாற யோசித்தார்களாம். நிதி இல்லை, சபை முடிவு இல்லை என்று தள்ளிப்போனது. 2023 ஓகஸ்ட் 26 அன்று ரான்சம்வெயார் வந்து உட்கார்ந்தது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17இல் இருந்து அன்று வரைக்கும் உள்ள தரவுக்குப் பிரதி இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதப் போக்குவரத்து, இல்லை என்றால் இல்லைதான். மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு என்று யாராவது கணக்குக் காட்டினால் நன்றாக இருக்கும்.

சனங்களை மட்டும் ஏசிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. நம்மட பக்கத்து நிறுவனங்கள் சிலவற்றின் தளங்களைத் திறந்து பாருங்கள். டியூசன் நிலையம், நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கம். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு முகவரி, போன் இலக்கம், ஓ/எல் சுட்டெண் என்று எல்லாம் கேட்கிற படிவம். மேலே முகவரியில் எஸ் இல்லை. பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று எழுதிக் காட்டுகிறது. 2018 ஜூலையில் இருந்து குரோம் எல்லா எச்டிடிபி பக்கத்துக்கும் அப்படித்தான் எழுதுகிறது. அப்படி ஒரு படிவத்தை நடத்துகிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அது சும்மா வாறது மச்சான், கென்சல் பண்ணிப் போட்டு உள்ளுக்குப் போ" என்றார். சனங்களுக்கு எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழக்குகிறது யார் என்று இப்போது விளங்குதா? நாளைக்கு உண்மையான பொய்ச்சாட்சிக்கு எச்சரிக்கை வரும்போதும் அதே விரல் அதே பட்டனைத் தட்டும்.

இதில் காசு என்ற சாட்டும் செல்லாது. 2015 டிசம்பரில் இருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகக் கொடுக்கிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் கம்பனிகளில் ஒரு பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. முன்னர் வருடத்துக்கு இத்தனை டொலர் கட்டினோம் என்று சொல்லலாம். பத்து வருடமாகச் சொல்ல ஏலாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சேர்க்கிறவர் அதைப் பாதுகாக்க மறைகுறியாக்கம் போன்ற வழிகளைக் கையாள வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது வேறு கதை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க இது கட்டட அனுமதி இல்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் விபரத்தைக் கையில் வாங்கினால் அது அமானிதம். ஒட்டாத உறையில் போட்டு அனுப்புவதற்கு யாரும் தரவில்லை.

அப்டேட் வராத போன்களின் கதைதான் கஷ்டம். அதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. நம்மட வீடுகளில் போன் இறங்குகிற வழி தெரியும்தானே. கட்டாரில் இருந்து காக்கா புது போன் அனுப்புவார். பழசு தம்பிக்கு. தம்பியின் பழசு ராத்தாவுக்கு. கடைசியில் ஆகப் பழையது உம்மாவின் கையில். பொய் எஸ்எம்எஸ் ஆகக் கூட வருகிற, ஆகக் குறைவாகச் சந்தேகப்படுகிற ஆளின் கையில் ஆக ஓட்டையான போன். பல கம்பனிகள் சில வருடத்தில் கைகழுவி விடுகின்றன. 2025 ஓகஸ்டில் வந்த குரோம் 139க்கு அண்ட்ரொய்ட் 10 வேண்டும். அண்ட்ரொய்ட் 9 வைத்திருக்கிறவருக்கு இனிக் குரோமின் அப்டேட் இல்லை. ஆட்டோ அப்டேட்டை ஒன் பண்ணினாலும் இல்லை. 2020இல் லெட்ஸ் என்க்ரிப்ட் சொன்ன கணக்குப்படி அண்ட்ரொய்ட் போன்களில் மூன்றில் ஒன்று 7.1க்குப் பழையது, அவற்றின் பட்டியலில் லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்தச் சாட்சியே இல்லை. அந்தப் போன்களை இணையத்துக்கு வெளியில் தள்ளாமல் இருக்க, இன்னொரு நிறுவனத்தின் சாட்சியைக் கடன் வாங்கி 2024 வரைக்கும் ஓட்டினார்கள். பாதுகாப்பு என்பது புது போன் வாங்கக் காசு உள்ளவனுக்கு மட்டும் என்று ஆக்கி வைத்திருப்பது போன் செய்கிறவர்கள். அந்தக் கோபத்தை அவர்கள் பக்கம் திருப்புங்கள். அதை அப்டேட்டின் மேல் காட்டி ஒன்றும் நடக்காது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது உண்டு. இதை எழுதும் நாளில் பயர்பொக்ஸ் அண்ட்ரொய்ட் 8இலும் ஓடுகிறது. அதற்குச் சொந்தச் சாட்சிப் பட்டியல் உண்டு. உம்மாவின் போனில் அதைப் போட்டு, எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற செட்டிங்கை ஒன் பண்ணிக் கொடுங்கள். அதற்கும் பழைய போன் என்றால் அதில் வங்கி அப் வேண்டாம், பேச்சுக்கும் பயானுக்கும் வைத்துக்கொள்ளட்டும். பிளே ஸ்டோரில் எல்லாவற்றையும் ஒன் பண்ண டேட்டா இல்லையா, குரோமையும் வெப்வியூவையும் வட்ஸ்அப்பையும் மட்டும் ஒன் பண்ணுங்கள், மற்ற கேம்களை விடுங்கள். கொம்யூனிகேஷன் கடையில் விண்டோஸ் 7 ஓடுகிற கணினியில் இருக்கிற குரோம் 109, 2023 ஜனவரியோடு நின்றது. அதில் போய் ஒன்லைன் பேங்கிங் செய்யாதீர்கள். கடைக்காரர் நல்லவர்தான், கணினி நல்லது இல்லை.

அடுத்த புலமைப்பரிசில் படிவம் குரூப்பில் வந்து விழும்போது நிரப்ப முன் முகவரியின் தொடக்கத்தைப் பாருங்கள். எஸ் இல்லாவிட்டால் நிரப்ப வேண்டாம். லிங்க்கைப் போட்டவருக்கே, குரூப்பில் எல்லாரும் பார்க்கத்தக்கதாக, ஏன் இல்லை என்று கேட்டு எழுதுங்கள். பட்டனைத் தட்டத் தெரியாது என்றால் நம்மட குழுவில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், வந்து தட்டித் தருவோம். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும்.